ஐந்து பவுண்டு ஸ்பெக்ட்ரம் எங்கே போயிற்று? – வாசகர் கேள்வி பதில்

1980களின் வீட்டுக் கணினிகளைத் தேடி வாங்கிச் சேர்ப்பவர்களிடமிருந்து வரும் கடிதங்களில் பெரும்பாலானவை இப்போது விலையைப் பற்றியே பேசுகின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், ஞாயிற்றுக்கிழமை கார் பூட் சேல் என்னும் பழம்பொருள் சந்தை ஒன்றில் சின்கிளேர் ஸ்பெக்ட்ரம் கணினியை ஐந்து பவுண்டுக்குக் கொடுத்தார்கள், வேண்டாம் என்று வந்துவிட்டேன். இன்று அதே கணினிக்கு 150 பவுண்டு கேட்கிறார்கள். இது நியாயமான விலைதானா?
– வாசகர், ஹாரோ, லண்டன்

பதில்: கணக்கை இன்னும் சற்றுப் பின்னாலிருந்து தொடங்கிப் பாருங்கள். 1982 ஏப்ரலில் ஸ்பெக்ட்ரம் வெளிவந்தபோது 16 கிலோபைட் நினைவகம் கொண்டது 125 பவுண்டு, 48 கிலோபைட் கொண்டது 175 பவுண்டு. அந்த 175 பவுண்டு இன்றைய மதிப்பில் 600 பவுண்டைத் தாண்டும். இத்தனைக்கும் அது எளிய குடும்பங்கள் வாங்கக்கூடிய மலிவான கணினி என்று பெயர் பெற்றது. பள்ளிகள் வாங்கிய பிபிசி மைக்ரோ கணினியின் ‘பி’ மாதிரி அதைவிட இரு மடங்குக்கும் மேல் விலை கொண்டதாக இருந்தது. ஆகவே உங்களிடம் இன்று கேட்கப்படும் தொகை, அந்தக் கணினி புதிதாக இருந்தபோது ஒரு தந்தை கொடுத்த தொகையைவிடக் குறைவுதான். உங்களிடம் அன்று கேட்ட ஐந்து பவுண்டு, பரணைக் காலி செய்ய நினைத்த ஒருவர் சொன்ன விலை.

அந்த விலை ஏன் திரும்பி வராது என்பதற்கு முதற்காரணம் கணினிக்குள்ளேயே இருக்கிறது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் இருந்த டைமெக்ஸ் ஆலையிலும் பிற இடங்களிலுமாக ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்பெக்ட்ரம்கள் செய்யப்பட்டன. அவற்றுள் பெரும்பங்கு 1990களிலேயே குப்பைக்குப் போய்விட்டது. எஞ்சியவையும் ஆண்டுக்கு ஆண்டு செத்துக்கொண்டிருக்கின்றன. ரப்பர் விசைகளுக்கு அடியில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளின் வால்பகுதி வயதாக ஆக அப்பளம்போல் நொறுங்கும்; புதிதாகச் செய்த தாள் இன்றும் கிடைப்பதால் அது பெரிய கவலை இல்லை. கவலை நினைவகத்தில்தான். முதல் 16 கிலோபைட்டுக்கு சின்கிளேர் நிறுவனத்தார் வைத்த 4116 வகைச் சில்லுகளுக்கு மூன்று வகை மின்னழுத்தம் வேண்டும். அவற்றுள் கழித்தல் 5 வோல்ட் நின்றுபோனால் சில்லுகள் வரிசையாகக் கருகிவிடும். அப்படிப் போன ஒரு கணினியை உயிர்ப்பிக்க இன்னொரு கணினியைப் பிரிக்கிறார்கள். இரண்டு இருந்த இடத்தில் ஒன்றுதான் மிஞ்சுகிறது.

கேட்பவர்களோ பெருகிவிட்டார்கள். 1982இல் பன்னிரண்டு வயதில் தொலைக்காட்சியின் முன் தரையில் அமர்ந்து விசைகளைத் தட்டியவருக்கு இன்று ஐம்பதைத் தாண்டிய வயது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், வீட்டுக்கடன் தீரும் நிலையில் இருக்கிறது. 2020இல் எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டிருந்த மாதங்களில் அவர்களில் பலர் இந்தப் பக்கம் திரும்பினார்கள். பழுதுபார்க்கும் காணொளிகள் புதியவர்களையும் அழைத்து வந்தன.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், விலை எல்லோருக்கும் தெரிந்துபோனது என்றே நான் கருதுகிறேன். முன்பு ஓர் ஊரில் பழம்பொருள் விற்பவருக்கு, கடல் கடந்த ஒருவர் அதே பொருளுக்கு என்ன கொடுப்பார் என்பது தெரியாது. இன்று நீங்கள் விலை கேட்டவுடன் அவர் கைப்பேசியை எடுத்து ஏலத் தளத்தில் பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்கிறார். அங்கேயும் அவர் பார்ப்பது பெரும்பாலும் மற்றவர்கள் கேட்கும் விலையை. வாங்கியவர்கள் உண்மையில் கொடுத்த விலையை அல்ல. விற்றுமுடிந்தவற்றின் பட்டியலை மட்டும் பிரித்துப் பாருங்கள், 150 என்பது பல நேரங்களில் 100க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பேரம் பேச அதுவே உங்கள் ஆதாரம்.

எனக்கு இதில் உண்மையான வருத்தம் ஒன்று உண்டு. கைச்செலவுப் பணத்தில் ஒரு பழைய கணினியை வாங்கி, திறந்து, தப்பும் தவறுமாகச் சால்டரிங் பழகிய சிறுவர்களுக்கு இந்தப் பொழுதுபோக்கில் இடமில்லாமல் போகிறது. நூறு பவுண்டு கொடுத்து வாங்கியதைக் கெடுத்துக் கற்றுக்கொள்ள எந்தச் சிறுவனுக்கும் துணிவு வராது. ஒரே மாதிரியில் ஆறு ஏழு கணினிகளை அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் நண்பர்கள், இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை வெளியே விட்டால் நன்றாக இருக்கும்.

கேள்வி: ஏல விளம்பரங்களில் ‘சோதித்துப் பார்க்கப்படவில்லை’ என்று எழுதப்பட்ட கமடோர் 64 கணினிகள் சற்றுக் குறைந்த விலைக்கு வருகின்றன. நம்பி வாங்கலாமா?
– வாசகர், லெஸ்டர்

பதில்: பழுது என்று எண்ணி விலை வையுங்கள். செருகிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும் என்னும்போது, நல்ல விலைக்கு விற்க விரும்புகிறவர் அதைச் செய்யாமல் விடமாட்டார். சிலரிடம் உண்மையாகவே பவர் சப்ளையும் பொருத்தமான தொலைக்காட்சியும் இல்லாமல் இருக்கலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த வாய்ப்புக்காக முழு விலை கொடுக்க வேண்டியதில்லை.

இதைவிட முக்கியமானது கமடோர் 64 உடன் வரும் பழைய பவர் சப்ளை. செங்கல் போன்ற அந்தப் பெட்டிக்குள் பிசினை ஊற்றி நிரப்பியிருப்பார்கள். வெப்பம் வெளியேறாது, திறந்து பழுதுபார்க்கவும் இயலாது. வயதான பெட்டி கெடும்போது பெரும்பாலும் நின்றுபோவதில்லை, 5 வோல்ட் தர வேண்டிய இடத்தில் அதைவிடக் கூடுதலாகத் தரத் தொடங்குகிறது. நினைவகச் சில்லுகள்தான் முதலில் பலியாகும். பல ஆண்டுகளுக்கு முன், ‘நன்றாக வேலை செய்கிறது’ என்று சொல்லி விற்கப்பட்ட ஒரு கமடோரை வீட்டுக்குக் கொண்டுவந்து, அளந்து பார்க்காமல் அதே பெட்டியில் செருகினேன். நீலத் திரை அரை மணி நேரம் தெரிந்தது, பிறகு கறுத்துவிட்டது. நினைவகத்தில் மூன்று சில்லுகளை மாற்ற வேண்டியிருந்தது. அன்றிலிருந்து மல்டிமீட்டரால் அளக்காமல் எந்தப் பழைய பெட்டியையும் நான் பயன்படுத்துவதில்லை. 5.25 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அதை ஒதுக்கிவிட்டு, இப்போது புதிதாகச் செய்து விற்கப்படும் பவர் சப்ளை ஒன்றை வாங்கிவிடுங்கள். அந்தச் செலவையும் கணினியின் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

கமடோர் நிறுவனத்தின் மற்றொரு கணினியான அமிகாவை வாங்க நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அமிகா 2000, 4000 ஆகியவற்றின் தாய்ப்பலகையில் பற்றவைக்கப்பட்ட நிக்கல் காட்மியம் மின்கலம் கசிந்து, அருகிலுள்ள செம்புத் தடங்களை அரித்துவிடும். அமிகா 600, 1200, 4000 ஆகியவற்றில் மின்தேக்கிகளும் கசியும். ஆகையால் வெளித்தோற்றத்தின் படம் மட்டும் போட்டவரிடம் தாய்ப்பலகையின் படத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் விலகிவிடுங்கள்.

கேள்வி: என் கமடோர் 64இல் இருக்கும் ஒலிச் சில்லை மட்டும் தனியாக விற்றால் நல்ல பணம் வரும் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?
– வாசகர், டொராண்டோ

பதில்: உண்மைதான், ஆனாலும் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சிட் எனப்படும் அந்தச் சில்லை வடிவமைத்தவர் பாப் யானஸ். மூன்று குரல்களும் ஓர் அனலாக் வடிகட்டியும் கொண்ட ஒரு சிறு இசைக்கருவியையே அவர் அதற்குள் வைத்தார். அந்த வடிகட்டி சில்லுக்குச் சில்லு சற்றே மாறுபட்டு ஒலிக்கும். அதனால்தான் இசைக்கலைஞர்கள் அதைத் தேடுகிறார்கள்; 1999இல் ஸ்வீடனின் எலெக்ட்ரான் நிறுவனம் இந்தச் சில்லை வைத்தே சிட்ஸ்டேஷன் என்ற இசைக்கருவியைச் செய்து விற்றது. சில்லைத் தயாரித்த மாஸ் டெக்னாலஜியின் பென்சில்வேனியா ஆலை மூடப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இனிப் புதிதாக ஒன்றும் வரப்போவதில்லை.

இந்தத் தட்டுப்பாடு இரண்டு தீமைகளைக் கொண்டுவந்திருக்கிறது. வேறு எண் கொண்ட சில்லின் மேற்பரப்பைச் சுரண்டி, சிட்டின் எண்ணான 6581 என்று அச்சிட்டு விற்கும் மோசடி ஒன்று. நல்ல நிலையிலுள்ள கணினிகளைச் சில்லுக்காகப் பிரித்துப் போடுவது மற்றொன்று. இரண்டாவது எனக்குப் பொறுக்க முடியாதது. சில்லை எடுத்த கமடோர் ஊமையாகிவிடும். அதை வாங்குபவர் மறுபடி ஒரு சிட் தேடுவார். அந்தத் தேடல் விலையை இன்னும் ஏற்றும். உங்கள் கணினி ஏற்கெனவே மீட்க முடியாதபடி பழுதாகியிருந்தால் சில்லை எடுத்துக் கொடுங்கள், அது இன்னொன்றை வாழவைக்கும். வேலை செய்யும் கணினியாக இருந்தால் முழுதாகவே விற்றுவிடுங்கள். இசைக்காக மட்டும் கேட்பவருக்கு ஆர்ம்சிட் போன்ற மாற்றுச் சில்லுகள் இன்று நன்றாகவே உதவுகின்றன.

கேள்வி: நான் படித்த பள்ளியில் 1980களில் பிபிசி மைக்ரோ கணினிகள் இருந்தன. அவற்றுள் இரண்டு இன்றும் ஆய்வக அலமாரியில் கிடக்கின்றன. அவற்றுக்கு மதிப்பு உண்டா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பணமதிப்பு ஓரளவு உண்டு; வரலாற்று மதிப்பு அதைவிட மிகுதி. 1984இல் மத்திய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ என்னும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம் முதற்கட்டமாக நாடு முழுவதும் 250 பள்ளிகளுக்கு இந்தக் கணினிகளைக் கொடுத்தது. உங்கள் பள்ளிக்கு வந்ததும் அந்த வழியில்தான் இருக்கக்கூடும். பின்னர் மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் (எஸ்சிஎல்), பிபிசி மைக்ரோவைச் செய்த ஏகார்ன் நிறுவனத்தின் உரிமம் பெற்று யூனிகார்ன் என்ற பெயரில் இதை இங்கேயே செய்தது. 1989இல் செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸின் ஆலை பெருந்தீயில் அழிந்தது. எனவே அலமாரியில் இருப்பவற்றின் மேல் எஸ்சிஎல் என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பிரிட்டனில் லட்சக்கணக்கில் விற்ற சாதாரண பிபிசி மைக்ரோவைவிட, இந்தியாவில் செய்யப்பட்ட யூனிகார்ன் மிகவும் அரிது.

ஆர்வத்தில் மின்சாரத்தில் மட்டும் செருகிவிடாதீர்கள். இதன் பவர் சப்ளைக்குள் ரிஃபா என்னும் நிறுவனத்தின் காகித மின்தேக்கிகள் இருக்கும். அவற்றின் மேலுறை காலப்போக்கில் வெடித்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மின்சாரம் பாய்ந்த சில நிமிடங்களில் அடர்ந்த புகையுடன் கருகி, அறை முழுவதும் நாறும். மாற்று மின்தேக்கிகளுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு முதலில் அவற்றை மாற்றிவிட வேண்டும். கணினிகள் பள்ளியின் உடைமை என்பதால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் தெரிவித்து, பழைய இரும்புக் கடைக்குப் போகாமல் காப்பாற்றுங்கள்.

கேள்வி: லண்டனில் வாங்கிச் சென்னைக்கு அனுப்பச் சொல்லலாமா?
– வாசகர், அடையாறு

பதில்: மின்னழுத்தமும் ‘பால்’ (PAL) எனப்படும் தொலைக்காட்சி முறையும் ஒத்துப்போவதால் பிரிட்டனில் வாங்கியது இங்கே வேலை செய்யும், அமெரிக்காவில் வாங்கியது அப்படியே வேலை செய்யாது. ஆனால் பயன்படுத்திய கணினிகளை இறக்குமதி செய்ய இந்தியாவில் கட்டுப்பாடு உண்டு. பணம் கட்டுவதற்கு முன் சுங்கத் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். புனேயின் டெசிபெல்ஸ் நிறுவனம் 1980களின் பிற்பகுதியில் உரிமம் பெற்று விற்ற ‘டிபி ஸ்பெக்ட்ரம்’ நம் நாட்டு வீடுகளிலேயே இன்னும் எங்காவது இருக்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் தேடுவேன்.

கேள்வி: தங்கத்தைப் போல இவற்றையும் முதலீடாக வாங்கி வைக்கலாமா?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: வேண்டாம். 1976இல் 666.66 டாலருக்கு விற்ற ஆப்பிள்-1, 2014இல் நியூயார்க் ஏலத்தில் 9,05,000 டாலருக்கும், மைக்ரோசாஃப்டை நிறுவியவர்களில் ஒருவரான பால் ஆலனின் சேகரிப்பிலிருந்த ஒன்று 2024இல் 9,45,000 டாலருக்கும் போனது உண்மை. செய்யப்பட்டவையே ஏறத்தாழ 200தான். கோடிக்கு மேல் விற்ற கமடோரை அந்தக் கணக்கில் வைக்க முடியாது. மேலும் தங்கம் பெட்டிக்குள் இருந்தபடியே கெடாமல் இருக்கும். மின்தேக்கி அப்படி இராது. இன்று பணம் கொடுப்பவர்கள் தங்கள் இளமையை நினைத்துக் கொடுக்கிறார்கள். அந்தத் தலைமுறை தங்கள் சேகரிப்பை விற்கத் தொடங்கும் நாளில் வாங்க யார் இருப்பார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: என் பதினொரு வயது மகள் நான் பழகிய ஸ்பெக்ட்ரமில் பேசிக் மொழியில் நிரல் எழுதிப் பார்க்க விரும்புகிறாள். இந்த விலையில் அசலை வாங்கித் தருவது சரியா?
– வாசகர், ஈஸ்ட் ஹாம், லண்டன்

பதில்: உடனே வாங்காதீர்கள், ஆனால் அவளுடைய விருப்பத்தையும் தள்ளிப்போடாதீர்கள். ஃபியூஸ் என்னும் எமுலேட்டர், அதாவது இன்றைய கணினியை ஸ்பெக்ட்ரம் போலவே இயங்கவைக்கும் மென்பொருள், இலவசமாகக் கிடைக்கிறது. இன்று மாலையே உங்கள் வீட்டுக் கணினியில் நிறுவிக் கொடுத்துவிடலாம். ஓரிரு மாதங்களுக்குப் பிறகும் அவள் எழுதிக்கொண்டிருந்தால், 2024 நவம்பரில் வெளிவந்த மறுஆக்கமான ‘தி ஸ்பெக்ட்ரம்’ இருக்கிறது. அதே ரப்பர் விசைகள், அதே அளவு. இன்றைய தொலைக்காட்சியில் நேராகச் செருகலாம், அசலில் நல்லதொன்றுக்கு ஆகும் தொகைக்கு உள்ளேயே அடங்கும். உள்ளே இருப்பது பழைய சில்லுகள் அல்ல என்பது உங்களுக்கு உறுத்தலாம். நிரல் எழுதிப் பழகும் அவளுக்கு அதனால் எந்தக் குறையும் இல்லை.

பெட்டியைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று அவள் கேட்கத் தொடங்கும்போது அசலை வாங்குங்கள். அட்டைப்பெட்டி, கையேடு எல்லாம் சேர்ந்த அழகான ஒன்றைத் தேட வேண்டாம், விலை அங்கேதான் ஏறுகிறது. உறை கீறியிருந்தாலும் படம் தெரிகிற ஒன்றாகப் பார்த்து, விசைத்தாளை இருவரும் சேர்ந்து மாற்றுங்கள். ஒலிநாடாக் கருவி தேடி அதற்கும் தனியாகச் செலவழிக்க வேண்டியதில்லை. நிரலின் ஒலிக்கோப்பைக் கைப்பேசியில் ஓடவிட்டு, ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஸ்பெக்ட்ரமின் ‘இயர்’ துளைக்கு ஒரு சாதாரணக் கம்பி கொடுத்தால் போதும். ஒலியளவை ஏறக்குறைய உச்சத்தில் வையுங்கள். குறைவாக இருந்தால் கணினி அதைப் படிக்காது.