பிளஸ் ஒன்னில் வேளாண் தொழிற்பிரிவு எடுத்தால் மேற்படிப்புக்கு வழி அடைபடுமா?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து, மகளின் சேர்க்கையை முன்னிட்டுத் தாங்கள் கேட்டுள்ள கேள்விக்கு, அடைபடாது என்பதே என் பதில். 1978-இல் மேல்நிலைக் கல்வியுடன் சேர்ந்தே தமிழ்நாட்டில் தொழிற்பிரிவும் வந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இப்பிரிவினருக்கெனத் தனி இடஒதுக்கீடு வைத்துள்ளது. ஆனால் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் கட்டாயமாகக் கேட்கும் மருத்துவப் படிப்புக்கு இது உதவாது. அந்த ஆசை இருந்தால் இப்போதே அறிவியல் பிரிவுக்கு மாறிவிடுவது நல்லது.

இப்பிரிவின் உயிர் செய்முறையில்தான் இருக்கிறது. கோழிமுட்டை மிதக்கும் அளவுக்கு உப்பைக் கரைத்து, அதில் விதைநெல்லைக் கொட்டி, மிதக்கும் பதரை அரித்தெடுத்துவிட்டு, அடியில் தங்கிய மணிகளை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி நாற்றங்காலுக்கு எடுக்கும் மாணவிக்கு, அடர்த்தி என்பது வெறும் பாடப்புத்தகச் சொல்லாக இருப்பதில்லை. ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையமே இருக்கும் டெல்டாவில் இந்தப் பாடத்தைக் கரும்பலகையோடு முடிப்பது பெருங்குறை என்றே கருதுகிறேன்.

ஆகவே சேர்க்கைக்கு முன் பள்ளிக்கு நேரில் சென்று, வேளாண் ஆசிரியர் பணியில் இருக்கிறாரா, செய்முறைக்கு நிலமும் தண்ணீரும் உண்டா என்று கேளுங்கள். ஓய்வு பெற்றவரின் இடம் நிரப்பப்படாமலே வகுப்பு நடக்கும் பள்ளிகளும் உள்ளன.