பதவி உயர்வு கேட்பது எப்படி? – கேள்வி பதில்

பதவி உயர்வை முடிவு செய்யும் கூட்டங்களில் மனிதவளத் துறை சார்பாகப் பல வருடங்கள் உட்கார்ந்திருக்கிறேன். தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: மேடம், அடுத்த மாதம் அப்ரைசல். அன்றைக்குக் கேட்டால் போதுமா?

பதில்: போதாது. பெரும்பாலான இடங்களில் அதற்குள் முடிவு எடுத்திருப்பார்கள். எத்தனை பேருக்குக் கொடுக்கலாம் என்பது பட்ஜெட்டோடு சேர்ந்து தீர்மானமாகும். அப்புறம் மேலாளர்கள் கூடி, யார் பெயரை அனுப்புவது என்று வாதாடுவார்கள். அந்த அறையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். உங்களுக்காகப் பேசப்போவது உங்கள் மேலாளர்தான். "நல்லா வேலை செய்றாங்க" என்று மட்டும் அவர் சொன்னால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். அவருக்குப் பேச விஷயம் வேண்டும். எந்தச் சிக்கல் வந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், எவ்வளவு நேரமோ பணமோ மிச்சமானது என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அடுத்த நிலையின் பொறுப்புகளில் எதையெல்லாம் ஏற்கெனவே செய்கிறீர்கள் என்பதையும் சேருங்கள். இன்றைக்கே பேசுங்கள். இந்தச் சுற்று தவறினாலும் அடுத்த சுற்றுக்கு உங்கள் பெயர் அவர் மனதில் இருக்கும்.

கேள்வி: டீமில் நான்தான் அதிகம் விற்கிறேன். டீம் லீடாக வேறொருவரைப் போட்டுவிட்டார்கள். இது நியாயமா?

பதில்: வலிக்கத்தான் செய்யும். ஆனால் விற்பது வேறு, விற்பவர்களை நடத்துவது வேறு. ஆலன் பென்சன், டேனியல் லி, கெல்லி ஷூ ஆகியோர் 2019-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் ஆராய்ந்தது. நன்றாக விற்றவர்களையே நிறுவனங்கள் மேலாளராக்கின. ஆனால் அவர்களுக்குக் கீழே இருந்தவர்களின் விற்பனை குறைந்தது. புதிதாகச் சேர்ந்தவருக்குத் தொழில் கற்றுக்கொடுங்கள். அவர் தேறி வந்தால், உங்கள் விற்பனைக் கணக்கைவிட அது பலமான சான்று.

கேள்வி: வீட்டுக் கடனைச் சொல்லிக் கேட்கலாமா?

பதில்: வேண்டாம். கஷ்டம் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் கூட்டத்தில் அதை வைத்து யாரும் வாதாட முடியாது.

கேள்வி: வேறு கம்பெனி ஆஃபர் கையில் இருக்கிறது. காட்டலாமா?

பதில்: "சரி, போய் வாருங்கள்" என்று சொன்னால் கிளம்பத் தயாரா? தயார் என்றால் மரியாதையாகச் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

கேள்வி: இரண்டு வருடமாக "பொறுங்கள்" என்கிறார்கள். வேலை மட்டும் கூடிக்கொண்டே போகிறது.

பதில்: இதைப் படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. என்ன குறைகிறது, எப்போது மறுபடி பார்ப்பார்கள் என்று நேராகக் கேளுங்கள். பேசியதை அன்றே மெயிலில் சுருக்கமாக எழுதி அனுப்புங்கள். "நாம் பேசியபடி..." என்று தொடங்கினால் போதும். சொன்ன தேதியில் நீங்களே போய் நில்லுங்கள். அப்போதும் தெளிவான பதில் வரவில்லை என்றால், பயோடேட்டாவைப் புதுப்பித்து வெளியே தேட ஆரம்பியுங்கள்.