கைத்துப்பாக்கியின் பிடி: கைக்கு வசதியா, சட்டைக்குள் மறைவா?

கைக்கு வசதியான பெரிய பிடியா, உடுப்புக்குள் மறையும் சிறிய பிடியா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப் போல உரிய அனுமதிப்பத்திரத்துடன் பணிபுரியும் மெய்ப்பாதுகாவலர் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். துப்பாக்கியைப் புகழ வந்தவளாக யாரும் என்னை நினைக்க வேண்டாம்.

கொழும்பில், கறுவாத்தோட்டத்து வீடொன்றின் அம்மாவுக்கு ஏழு ஆண்டுகள் பாதுகாவலராக இருந்தேன். நிறுவனம் எனக்குத் தந்தது 15 ரவைகள் கொள்ளும், இரட்டை வரிசை ரவைக்கூடு உடைய, அதனால் பிடி தடித்த க்ளொக் 19 கைத்துப்பாக்கி. என் கை சிறியது. சுட்டுவிரல் விசையை எட்ட வேண்டும் என்பதற்காக, என்னை அறியாமலே பிடியை உள்ளங்கைக்குள் சற்றுத் திருப்பிப் பிடித்தேன். அதனால் சுடும்போது துப்பாக்கி பின்னோக்கித் தள்ளும் பின்னுதைப்பு முன்கையின் வழியே நேராகச் செல்லாமல் பெருவிரல் மூட்டில் விழுந்தது, ரவைகளும் இலக்கின் இடப்பக்கமாகவே போயின. பயிற்சியளித்தவர், பெண்களின் மணிக்கட்டுக்குப் பலம் போதாது என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். இரண்டு ஆண்டுகள் நானும் அதை நம்பி, மணிக்கட்டுக்கு உடற்பயிற்சி செய்தேன். பிறகு சக பாதுகாவலர் ஒருவர் தம்முடைய ஒல்லியான க்ளொக் 43ஐப் பயிற்சித் திடலில் தந்தபோது, முதல் ஆறு ரவைகளும் நடுவில் விழுந்தன. அன்றும் அதே மணிக்கட்டுத்தான். அந்தச் சொல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே பிடியின் சுற்றளவை மட்டும் பார்க்காதீர்கள். பிடியின் பின்புறத்திலிருந்து விசைவரை உள்ள தூரத்தைப் பாருங்கள். 2010இல் வந்த நான்காம் தலைமுறை க்ளொக்குகளில் பின்பட்டையை, அதாவது பிடியின் பின்புறத்தில் பொருத்தும் பட்டையை, மாற்றலாம். பட்டையே இல்லாமல் பிடித்தால் அந்தத் தூரம் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் குறையும். சிறிய கைக்கு அது பெரிய வேறுபாடு.

மறைப்பதைப் பொறுத்தவரை, பலர் குழலின் நீளத்துக்கே அஞ்சுகிறார்கள். குழல் இடுப்பில் உடுப்புக்குள் இறங்கிவிடும். குனிந்து கார்க் கதவைத் திறக்கும்போது சட்டையை வெளியே தள்ளுவது பிடியின் அடிமுனைதான், அதுவும் சதுரமாக வெட்டிய முனை என்றால் இன்னும் மோசம். க்ளொக் 26 இவ்வகையில் நல்லது, 19ஐ விட ஏறத்தாழ 20 மில்லிமீற்றர் குட்டை. ஆனால் பெரும்பாலானோரின் சுண்டுவிரலுக்கு அதில் இடமில்லை. ரவைக்கூட்டின் அடியில் விரல்தாங்கி பொருத்தினால், குட்டையாக வாங்கியதன் பயனே போய்விடுகிறது. 43இல் ஆறு ரவைகள்தானே என்று சிலர் வாதிடுவார்கள். அது நியாயமான குறைதான். ஆயினும் இடப்பக்கம் விலகிப்போகும் 15 ரவைகளை நான் பாதுகாப்பாகக் கருதவில்லை.

பிடியின் சொரசொரப்பையும் கவனியுங்கள். வழுவழுப்பான பிடி வியர்த்த கையில் வழுக்கும். மிகவும் கரடான பிடி, சித்திரை மாதத்து வெக்கையில் பருத்திச் சட்டைக்குள் பத்து மணி நேரம் இருந்தால் இடுப்புத் தோலை உரித்துவிடும். நான் உள்ளே மெல்லிய பெனியன் அணிந்து சமாளித்தேன். கடையில் நின்றபடி பிடித்துப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ரவை நீக்கிய நிலையில் உறையோடு இடுப்பில் வைத்து, கதிரையில் அரைமணி நேரமாவது உட்கார்ந்து பாருங்கள்.