விரலை வைத்தால் டெங்கு தெரியுமா?

கேள்வி: குடியாத்தத்தில் சிறிய ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறேன். விற்பனைப் பிரதிநிதி ஒருவர் உள்ளங்கை அளவுக் கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். ‘ஆப்டிகல் பயோசென்சர்’ என்கிறார். விரலை நுழைத்தால் ஒளியைப் பாய்ச்சி, ஊசி குத்தாமலே டெங்கு இருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுமாம். விலை 38,000 ரூபாய். இந்த வாரமே பாதிப் பணம் கட்டினால் தள்ளுபடியாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. பெயர் உண்மை, சரக்கு பொய்.

டெங்கு வைரஸின் குறுக்களவு சுமார் 50 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமே 400 முதல் 700 வரை. ஒளியின் அலையைவிட இவ்வளவு சிறிய வைரஸைத் தோலுக்கு வெளியே விளக்கடித்துப் பிடிக்க முடியாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் ஒளியால்தான் இயங்குகிறது. அது அளப்பது ரத்தத்தின் ஆக்சிஜனை. உங்களுக்குக் காட்டியது அதற்கு ஒன்றுவிட்ட தம்பி என்றே சந்தேகிக்கிறேன்.

உண்மையான ஆப்டிகல் பயோசென்சரில் ஒருவகை இப்படி: மெல்லிய தங்கப் படலத்தின்மேல், குறிப்பிட்ட வைரஸின் புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடிகளைப் பதித்திருப்பார்கள். மாதிரி அதன்மேல் ஓடும்போது புரதம் ஒட்டினால், திரும்பிவரும் ஒளி மங்கும் கோணம் துளி நகரும். அந்த நகர்வைத்தான் கருவி அளக்கிறது. ஸ்வீடனில் உருவான இம்முறை 1990இலேயே ஆய்வகங்களுக்கு விற்பனைக்கு வந்துவிட்டது. ஆக, ரத்தமும் வேண்டும், ஆன்டிபாடி பதித்த சிப்பும் வேண்டும். இரண்டும் இல்லாமல் டெங்கு சொல்கிறதென்றால் அது ஜோசியம்.

நாளை ரத்தத்துளி கேட்கும் கருவியோடு வேறொருவர் வரலாம். கருவியின் விலையைவிட சிப்பின் விலையை விசாரியுங்கள். ஒரு சிப் எத்தனை பரிசோதனைக்கு, காலாவதி எப்போது, குளிர்பெட்டியில் வைக்க வேண்டுமா? நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் மின்சாரம் போனால் உள்ளே இருக்கும் சிப் அத்தனையும் வீண். பிறகு, மருத்துவக் கருவிகள் விதிகள் 2017இன்படி பெற்ற உரிமத்தின் நகலைக் கேளுங்கள். உரிம எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். எந்தப் பயன்பாட்டுக்கு உரிமம் என்ற வரியில் டெங்கு இருக்கிறதா என்று படியுங்கள்.

ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால் ரசீதையும், அவர் கொடுத்த விளம்பரத் தாளையும் பத்திரப்படுத்துங்கள். தொழிலுக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று எதிர்த்தரப்பு வாதிடும். ஆனால் பிழைப்புக்காகத் தாமே நடத்தும் சுயதொழிலுக்கு வாங்கியிருந்தால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் பொருந்தும். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் சொல்லலாம். மசியாவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.