தரையைத் தொட்டதும் விமானம் ஏன் இடப்பக்கம் ஓடுகிறது?

கேள்வி: செஸ்னா 172 என்ற சிறிய பயிற்சி விமானத்தில் 20 மணி நேரம் பறந்திருக்கிறேன். தரையைத் தொடும்வரை எல்லாம் சரி. தொட்டதும் விமானம் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. மூன்று முறை இன்ஸ்ட்ரக்டர்தான் மையக்கோட்டுக்குத் திருப்பினார். மூன்று நாளும் இடப்பக்கக் காற்று. என்ன தவறு செய்கிறேன்?

பதில்: அடுத்த முறை உங்கள் கைகளைக் கவனியுங்கள். யோக்கை (கையால் பிடிக்கும் திருப்புச் சக்கரம்) வலப்பக்கம் திருப்பியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். கார் ஓட்டிப் பழகிய கை அப்படித்தான் போகும். ஆனால் தரையில் ஓடும்போது யோக் விமானத்தைத் திருப்பாது, கெடுக்கத்தான் செய்யும். வலப்பக்கம் திருப்பினால் இடது இறக்கையின் ஏலரான் (பின்விளிம்பில் அசையும் தகடு) கீழே இறங்குகிறது. அந்த இறக்கை தூக்கும், காற்றின் இழுவிசையும் அங்கேதான் கூடும். மூக்கு இன்னும் இடப்பக்கமே போகும். பக்கக் காற்று வேறு வாலைத் தள்ளி மூக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறது. அப்புறம் கேட்கவே வேண்டாம்.

திசை காலில், அதாவது வால் சுக்கானைத் திருப்பும் பெடல்களில் இருக்கிறது. உங்கள் விஷயத்தில் கால் வலது பெடலில், கை இடப்பக்கம், அதாவது காற்று வரும் பக்கம். வேகம் குறையக் குறைய ஏலரானின் பிடியும் குறையும். அதனால் யோக்கை மேலும் மேலும் இடப்பக்கம் திருப்பிக்கொண்டே வரவேண்டும். பலர் சக்கரம் தொட்டதும் 'அப்பாடா' என்று கையைத் தளர்த்துவது இந்த இடத்தில்தான்.

வேகத்தையும் பாருங்கள். 65 நாட் (மணிக்குக் கடல்மைல்) வேகத்துக்குப் பதில் 75 நாட் வேகத்தில் இறங்க வந்தால் கரைக்கவேண்டிய ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. விமானம் மிதக்கும், பொறுமையிழந்து யோக்கை முன்னால் தள்ளுவீர்கள். பாரம் மூக்குச் சக்கரத்தில் ஏறி, பின்சக்கரங்கள் லேசாகி, ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி மாதிரி சுழலப் பார்க்கும். அப்போது யோக்கை மெல்லப் பின்னால் இழுத்துப் பாரத்தை எடுங்கள். பிரேக்கைத் தொடாதீர்கள். அது பெடலின் மேல்பகுதியில் இருக்கிறது; குதிகால் தரையிலேயே இருந்தால் தெரியாமல் மிதிக்கவும் வாய்ப்பில்லை.

மூக்குச் சக்கரம் பெடலோடு இணைந்தது. வலது பெடலை அழுத்தியபடியே அதை இறக்கினால் வலப்பக்கம் வெட்டும். அது தொடும் நேரத்தில் பெடலை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு தேவைக்கேற்பச் சின்னச் சின்ன அழுத்தம் போதும். கண் ரன்வேயின் மறுகோடியில் இருந்தால் விலகல் சீக்கிரம் தெரியும்.

கோ-அரவுண்ட் (இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலெழுவது) என்று முடிவெடுத்தால் சீக்கிரம் எடுங்கள். முழு திராட்டில் (எஞ்சின் விசை) கொடுத்ததும் மூக்கு மறுபடி இடப்பக்கம்தான் இழுக்கும், வலது பெடல் கூடவே போகட்டும். வேகம் இறங்கி, ஓரத்தை நெருங்கிவிட்டீர்களா? திராட்டிலை மூடி, நேராகப் பிடித்து நிறுத்துங்கள். அந்த நிலையில் மேலே எழுப்பப் பார்ப்பதுதான் பெரிய ஆபத்து.

ஸோலோவுக்கு (தனியாகப் பறப்பதற்கு) முன், சில அடி உயரத்தில் சக்கரம் தொடாமல் ரன்வே முழுக்க மையக்கோட்டின்மேல் பறக்கும் பயிற்சியை இன்ஸ்ட்ரக்டரோடு நாலைந்து முறை செய்துவிடுங்கள்.