டபராவும் டம்ளரும் போதும்

வணக்கம்.

என் மகனுக்கு இரண்டு வயது முடிந்து மூன்று மாதம் ஆகிறது. பிள்ளை தானே கையால் செய்து கற்கும் மாண்டிசோரி முறையில் வீட்டிலேயே ஏதாவது செய்யலாம் என்று ஆன்லைனில் மர விளையாட்டுச் சாமான் செட் ஒன்று வாங்கினோம். ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் ஆயிற்று. இரண்டு நாள் தொட்டான், அப்புறம் சீண்டவே இல்லை. பாத்திரங்களை இழுத்துப் போடுவதும், நான் தரை துடைக்கும் துணியைப் பிடுங்குவதும்தான் அவனுக்கு இஷ்டம். கவனக் குறைவாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. துண்டு மடிக்கக் கொடுத்தால், "பச்சப் புள்ளைய வேலை வாங்குறியா" என்று அத்தை வருத்தப்படுகிறார். எங்கிருந்து தொடங்குவது?

– ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் தேடுவதை உங்கள் மகன் ஏற்கெனவே தொடங்கிவிட்டான். 1907 ஜனவரியில் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில், ஏழைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக, இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அங்கே நல்ல பொம்மைகளும் இருந்தன. பிள்ளைகள் அவற்றை விட்டுவிட்டு உண்மையான வேலைகளையே தேடிப் போனதை அவர் எழுதியிருக்கிறார். மர உருளைகளைக் குழிகளில் பொருத்திக்கொண்டிருந்த மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியை நாற்காலியோடு தூக்கி வைத்தும், சுற்றி மற்றவர்கள் பாட்டுப் பாடியும் அவள் கவனம் கலையவில்லை. நாற்பது தடவைக்கு மேல் அதையே செய்துவிட்டுத்தான் நிமிர்ந்தாளாம். கவனம் என்பது பிள்ளைக்குப் பிடித்த வேலையில்தான் வெளிப்படும். அவன் துணியைப் பிடுங்கும்போது பிடுங்கிக்கொள்ள விடுங்கள், எவ்வளவு நேரம் துடைக்கிறான் என்று பாருங்கள். இந்த வயதில் ஐந்து நிமிடம் ஒன்றிலேயே இருந்தால் அது நல்ல கவனம்தான்.

எங்கிருந்து என்றால், காபி டபராவிலிருந்து. ஒரு தட்டில் சின்ன டபரா, டம்ளர், மடித்த துணி. டம்ளரில் கால் பங்கு தண்ணீர். பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமல், மிக மெதுவாக டபராவில் ஊற்றிக் காட்டுங்கள். திருப்பி டம்ளரில் ஊற்றுங்கள். சிந்திய இரண்டு சொட்டைத் துணியால் ஒற்றி எடுங்கள். பேச்சும் செய்கையும் ஒரே நேரத்தில் வந்தால் பிள்ளை உங்கள் வாயைப் பார்க்கும், கையைப் பார்க்காது. அப்புறம் தட்டை அவன் பக்கம் நகர்த்திவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். சிந்தட்டும். சிந்தியது அவன் கண்ணுக்கே தெரியும், நாம் சொல்ல வேண்டியதில்லை. "அப்படி இல்லடா" என்று கையைப் பிடித்துத் திருத்தினால் அந்த வேலை அவனுடையதாக இல்லாமல் போய்விடும். தண்ணீரைத் தூக்கிக் கொட்டி விளையாடத் தொடங்கினால் மட்டும் கோபிக்காமல் எடுத்து வைத்துவிட்டு, நாளைக்குத் திரும்பக் கொடுங்கள்.

இது பழகியதும் ஸ்பாஞ்சால் நீரை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்குப் பிழிவது, வாழைப்பழம் உரிப்பது, வாசலில் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்ப்பது, கூடையில் கலந்திருக்கும் எலுமிச்சையையும் உருளைக்கிழங்கையும் பிரிப்பது என்று போகலாம். ஒரு நேரத்தில் ஒன்றே வெளியில் இருக்கட்டும், அவன் கைக்கு எட்டும் தட்டில். கடலை, பட்டாணி, மணி கோர்ப்பது போன்றவை பல வீடியோக்களில் வருகின்றன. இந்த வயதில் அவற்றைக் கொடுக்க வேண்டாம். வாயிலோ மூக்கிலோ போனால் பெரிய ஆபத்து. வாளியில் தண்ணீர் வைத்தால் வேலை முடிந்த கையோடு கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள், ஒரு நிமிடம்கூட அவனைத் தனியாக விட வேண்டாம்.

உங்கள் அத்தையின் வருத்தம் அன்பில் வருவது. அவரையே இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். முருங்கைக்கீரை உருவும்போது இவனுக்கும் ஒரு கொத்து கொடுக்கச் சொல்லுங்கள். வயதானவர்களின் கை இயல்பாகவே நிதானமாக இயங்கும், சின்னப் பிள்ளைக்குப் பார்த்துக் கற்க அந்த வேகம்தான் வேண்டும். கீரை சீக்கிரம் ஆக வேண்டும் என்று அவனை அவசரப்படுத்தினால் அது வேலை வாங்குவது. பாதியில் எழுந்து ஓடினால் விட்டுவிட வேண்டும். இந்த வித்தியாசத்தை அவரிடம் சொன்னால் புரிந்துகொள்வார். மாண்டிசோரி அம்மையார் 1939-இல் நம் அடையாறுக்கு வந்து, போரினால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கியவர் என்பதையும் சொல்லுங்கள்.

மரச்சாமான் செட்டைத் திருப்பி அனுப்ப வேண்டாம். ஒன்றை மட்டும் வெளியில் வைத்து, மற்றதைப் பரணில் ஏற்றுங்கள். இரண்டு வாரம் கழித்து மாற்றிப் பாருங்கள்.