ஒரு சுவருக்கு மட்டும் தனி வண்ணம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கூடத்தில் 12 அடி நீளமும் 10 அடி உயரமும் உள்ள ஒரு சுவரில் மட்டும், முக்கோணங்களாக மூன்று வண்ணங்கள் தீட்ட விரும்புகிறேன். இப்போது அதில் சந்தன நிற எமல்ஷன் இருக்கிறது. பெயிண்டரை அழைக்காமல் நானே செய்ய முடியுமா? டேப் ஒட்டி அடித்தாலும் வண்ணம் உள்ளே கசிந்து ஓரம் பிசிறாகிவிடும் என்கிறார்களே?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாகச் செய்யலாம். முதலில் உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கையில் மாவாக ஒட்டினால் பழைய பூச்சைச் சுரண்டி, ப்ரைமர் (வண்ணத்துக்கு முன் கொடுக்கும் அடிப்பூச்சு) அடித்த பிறகே தொடங்க வேண்டும். ஒட்டவில்லை என்றால் 220 எண் உப்புத்தாளால் மேலோட்டமாகத் தேய்த்து, ஈரத்துணியால் தூசியைத் துடைத்துக் காயவிட்டாலே போதும். ஆணி அடித்த துளைகளைப் பட்டி வைத்து அடைத்தால், அந்த இடங்களுக்கு மட்டுமாவது ப்ரைமர் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பட்டி வண்ணத்தை உறிஞ்சிக்கொண்டு, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது திட்டுத்திட்டாகத் தெரியும்.

மூன்று வண்ணங்களில் மிக வெளிறியதை அடிவண்ணமாகக் கொண்டு சுவர் முழுவதும் இரண்டு கோட்டு அடித்துவிடுங்கள். ஒரு லிட்டர் எமல்ஷன் ஒரு கோட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி வரும் என்று வைத்துக்கொண்டால், 120 சதுர அடிச் சுவருக்கு இரண்டரை லிட்டர் தேவைப்படும். மூன்று ஒரு லிட்டர் டப்பாக்களாக வாங்கினால், கடையில் கலந்து தரும் நிறத்தில் டப்பாவுக்கு டப்பா மெல்லிய வேறுபாடு இருக்கக்கூடும் என்பதால், மூன்றையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கிக்கொள்வது நல்லது. மற்ற இரு வண்ணங்களும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்குச் சுவரைத்தான் மூடப்போகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் போதும்.

அடிவண்ணம் ஒரு நாள் முழுவதும் காய்ந்த பிறகு கோடு போடுங்கள். பல வீடுகளில் மேல்தளமும் தரையும் மட்டமாக இருப்பதில்லை. ஆகவே அவற்றிலிருந்து அளக்காமல், கொத்தனாரின் ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் கேட்டு வாங்கி, ஒரு நேர்க்கோட்டை உறுதிசெய்துகொண்டு அதிலிருந்து மற்றவற்றை அளப்பதே சரி. பென்சிலை அழுத்தாதீர்கள், அழுத்திய கோடு வெளிர் வண்ணத்தை மீறித் தெரியும்.

இனி நீங்கள் அஞ்சும் கசிவு. ரோலர் உருட்டிய சுவர் பார்வைக்கு வழவழப்பாக இருந்தாலும், அதில் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. டேப் மேடுகளில் ஒட்டிக்கொண்டு பள்ளங்களில் ஒட்டாமல் விடுவதால், அந்த இடைவெளி வழியாகத்தான் வண்ணம் உள்ளே போகிறது. இதைத் தடுக்க, டேப்பை ஒட்டி அதன் ஓரத்தை விரல் நகத்தால் அழுத்தித் தேய்த்தபின், புதிய வண்ணத்தை எடுக்காமல் அதே அடிவண்ணத்தை மெல்லிய தூரிகையால் டேப்பின் விளிம்பு நெடுகிலும் ஒருமுறை பூசுங்கள். கசிவதெல்லாம் அந்த அடிவண்ணமாகவே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அது காய்ந்து இடைவெளிகளை அடைத்துவிட்ட பிறகு, மேலே வரும் அடர்வண்ணம் நுழைய வழியே இருக்காது. இந்த ஒரு பூச்சுக்குச் சோம்பல்படாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஓரத்தின் நேர்த்தி முழுவதும் இதில்தான் இருக்கிறது. இரண்டாவது கோட்டு முழுதாகக் காய்வதற்கு முன்பே, டேப்பைப் பின்பக்கமாக மடித்து, சாய்வாக மெதுவாக இழுத்து எடுங்கள். காய்ந்து இறுகிவிட்டால் பிளேடால் விளிம்பை இலேசாகக் கீறிவிட்டு எடுக்க வேண்டும்.

முக்கோணங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால், பக்கத்து முக்கோணம் நன்கு காயும் வரை அதன்மேல் டேப் ஒட்ட முடியாது. வேலை நாட்கணக்கில் இழுக்கும். அதைவிட, ஓர் அங்குல டேப்பின் அகலத்தையே இடைக்கோடாக விட்டுவிட்டால் எல்லா முக்கோணங்களையும் ஒரே நாளில் அடித்துவிடலாம். டேப்பை எடுத்ததும் அடிவண்ணம் வெள்ளைக் கரைபோல் ஓடுவது, என் கண்ணுக்கு ஒட்டிய முக்கோணங்களைவிட அழகு.

வண்ணத் தேர்வில் ஒன்று: சிறு அட்டையில் பார்த்த நிறம் சுவரில் இன்னும் அழுத்தமாகத் தெரியும். ஒரு சார்ட் தாளில் பூசிச் சுவரில் ஒட்டி, பகல் வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் பார்த்து முடிவுசெய்யுங்கள். மூன்று வண்ணங்களில் ஒன்று மட்டுமே அடர்நிறமாக இருக்கட்டும். பளபளப்பு வகை சுவரின் ஒவ்வொரு குறையையும் எடுத்துக்காட்டும் என்பதால் மேட் வகையே பாதுகாப்பானது. அடிக்கும்போது மின்விசிறியை வேகமாகச் சுழலவிடாதீர்கள். விளிம்பு முந்திக் காய்ந்து ரோலர் தடங்கள் நின்றுவிடும்.

கேள்வி: கூடத்துச் சுவரின் அடியில் இரண்டடி உயரத்துக்கு ஆண்டுதோறும் பெயிண்ட் பொரிந்து உதிர்கிறது. அதன்மேல் டெக்ஸ்சர் பெயிண்ட் அடித்தால் மறைந்துவிடுமா?
— ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: மறையாது, சில மாதங்களில் டெக்ஸ்சரும் சேர்ந்து பெயர்ந்து விழும். சுவருக்குள் ஏறும் நீர், செங்கல்லிலும் சிமெண்டிலும் உள்ள உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவந்து, மேற்பரப்பில் படிகமாக்குகிறது. அந்தப் படிகம்தான் பெயிண்டைத் தள்ளுகிறது. உதிர்ந்த பகுதியைச் சுரண்டிவிட்டு, ஒரு பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி ஓரிரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறம் நீர் முத்துக்கள் இருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்புறத்தில் மட்டும் இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். பூத்திருக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். கழுவினால் கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே போகும். மறுபக்கம் குளியலறையோ தண்ணீர்க் குழாயோ இருந்தால் அதை முதலில் சரிபார்க்க வேண்டும். ஓதம் நிலத்திலிருந்து ஏறுகிறது என்றால் அது கொத்தனார் தீர்க்க வேண்டிய சிக்கல். அதுவரை அலங்காரத்துக்கு வேறொரு சுவரைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: பழைய வீட்டை வாங்கியிருக்கிறோம். படுக்கையறைச் சுவரில் ஆயில் பெயிண்ட் இருக்கிறது. தேய்த்து எடுத்துவிட்டுப் பூ வடிவ ஸ்டென்சில் அச்சிட எண்ணுகிறேன். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை உண்டு. கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: உண்டு. வீட்டு உபயோகப் பெயிண்டுகளில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக்கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆயில் பெயிண்டில் ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும். உலர்வாகத் தேய்த்தால் எழும் தூசி, தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் குழந்தைக்குப் பெருந்தீங்கு. ஈயம் வளரும் மூளையைப் பாதிக்கிறது. எனவே பெயிண்ட் உறுதியாக ஒட்டியிருந்தால் அதைச் சுரண்டவே வேண்டாம். சோப்பு நீரால் கழுவி, நீர் தாங்கும் உப்புத்தாளை நனைத்துப் பளபளப்பு போகும் அளவுக்கு மட்டும் ஈரமாகவே தேய்த்து, எண்ணெய்ப் பூச்சின்மேல் பிடிக்கக்கூடிய ப்ரைமரைக் கடையில் கேட்டு வாங்கி அடித்து, அதன்மேல் எமல்ஷன் கொடுங்கள். நேரடியாக எமல்ஷன் அடித்தால் தோல்போல் உரிந்துவிடும். ஸ்டென்சிலுக்குத் தூரிகையில் தொட்ட வண்ணத்தைத் துணியில் ஒற்றி எடுத்துவிட்டு, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் செங்குத்தாகக் குத்திக் குத்திப் பதியுங்கள். வேலை முடியும் வரை குழந்தையை அந்த அறைக்குள் விட வேண்டாம். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் கழிவையும் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பெயிண்ட் ஏற்கெனவே செதில்செதிலாக உதிர்கிறது என்றால், குழந்தையை உறவினர் வீட்டில் விட்டுவிட்டு, அனுபவமுள்ள பெயிண்டரைக் கொண்டு ஈரமாகவே சுரண்டச் சொல்லுங்கள்.